விலாசம் சொல்லும் கதை

'விலாசம்' என்றால் என்ன? "இது தெரியாதா? கடித உறையின் மேல் எழுதுவது, வீட்டு எண், தெரு, ஊர்" என்பீர்கள். சரியான விடைதான். ஆனால் இதே கேள்வியைச் செட்டிநாட்டில், காரைக்குடி வட்டாரத்துக் கொத்தமங்கலத்தில், ஒரு நகரத்தார் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தெருவையும் சொல்ல மாட்டார். வீட்டு எண்ணையும் சொல்ல மாட்டார். நாலைந்து எழுத்துகளை விறுவிறுவென்று ஒப்பிப்பார்!

அவை அவருடைய முன்னோர்களின் பெயர்களைக் குறிக்கும் எழுத்துகள். தந்தை, பாட்டன், பாட்டனின் தந்தை என்று வரிசையாக நிற்கும் அந்த எழுத்துத் தொடருக்குத்தான் அங்கே 'விலாசம்' என்று பெயர். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்தப் பெரிய வீடுகளை, கதவு எண்ணைக் காட்டிலும் இந்த எழுத்துகளைக் கொண்டே ஊரார் அடையாளம் சொல்வார்கள்.

ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இனிஷியல் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது இந்த விலாசம். ஒரு பெயர் எங்கே பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது, ஏன் மறைகிறது என்பதெல்லாம் வெறும் கதையல்ல. கணக்கும் உயிரியலும் கலந்த ஆராய்ச்சி. அதைக் கொஞ்சம் பார்ப்போமா?

'எம்.ஏ.' என்பது பட்டமா?

சென்னையில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு எம்.ஏ. சிதம்பரம் மைதானம் என்று பெயர். இந்த 'எம்.ஏ.' கல்லூரியில் வாங்கிய பட்டமல்ல, விலாசம்! 'எம்' என்பது முத்தையா. 'ஏ' என்பது அண்ணாமலை. முத்தையாவின் மகன் அண்ணாமலை. அண்ணாமலையின் மகன் சிதம்பரம். இந்த அண்ணாமலைதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881-1948).

இந்தக் குடும்பத்தின் எழுத்துகளைத் தலைமுறை வாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ராஜா சர் அவர்களின் எழுத்துகள் எஸ்.ஆர்.எம்.எம். சாத்தப்பர், இராமநாதர், முத்தையா என்று மூன்று தலைமுறை. (மூன்று பெயருக்கு நான்கு எழுத்து எப்படி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.) அவருடைய பிள்ளைகள் எம்.ஏ. முத்தையாவும் எம்.ஏ. சிதம்பரமும். சாத்தப்பரும் இராமநாதரும் இங்கே காணாமல் போய்விட்டார்கள்! அடுத்த தலைமுறையில் முத்தையாவின் மகன் எம்.ஏ.எம். இராமசாமி, சிதம்பரத்தின் மகன் ஏ.சி. முத்தையா.

என்ன நடக்கிறது என்று கவனித்தீர்களா? பின்னால் ஓர் எழுத்து சேருகிறது. முன்னால் பழைய எழுத்து உதிர்கிறது. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே பார்ப்பது போலத்தான். ஒரு சமயத்தில் இரண்டு மூன்று மரங்களே தெரியும். புதிய மரம் ஒன்று உள்ளே வந்தால் பழைய மரம் ஒன்று பின்னால் போய்விடும். ஐரோப்பியரின் குடும்பப் பெயரோ ரயிலிலேயே எழுதி ஒட்டிய பலகை. அது மாறாது, ஆனால் வழியில் இருந்த மரங்கள் எவை என்று சொல்லாது.

ஓர் எழுத்து போதாதா?

செட்டிநாட்டில் மூத்த பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது நெடுங்கால வழக்கம். முத்தையாவின் பேரன் முத்தையா ஆனது இப்படித்தான். இதனால் ஒரு சிக்கல். புதுப் பெயர்கள் அதிகம் வருவதில்லை. இருக்கிற சில பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். ஊருக்கு ஊர் அண்ணாமலை, ஊருக்கு ஊர் சிதம்பரம். யார் எந்த அண்ணாமலை?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வழக்கில் 20 பெயர்களே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பெயரை மட்டும் சொன்னால் 20 பேரைத்தான் பிரித்துக் காட்டலாம். தந்தை பெயரையும் சேர்த்தால் 20 × 20 = 400. பாட்டன் பெயரையும் சேர்த்தால் 8,000. அவருடைய தந்தை பெயரையும் சேர்த்தால் 1,60,000! விலாசம் நீளமாக இருப்பதற்குக் காரணம் பெருமை மட்டுமல்ல, தேவையும்தான். தொலைபேசி எண்ணில் இலக்கங்கள் கூடினால் அதிக இணைப்புகள் தர முடிவதும் இதே கணக்குத்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் எழுத்தை மட்டும் எடுத்தால் அருணாசலமும் அழகப்பனும் அண்ணாமலையும் ஒன்றாகிவிடுவார்கள் அல்லவா? அதனால் 'அரு', 'அழ', 'ராம', 'சித' என்று இரண்டு எழுத்துகளாகச் சுருக்குவார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ராம என்பது ஆர்.எம். ஆகும், அழ என்பது ஏ.எல். ஆகும், சித என்பது சி.டி. ஆகும். எஸ்.ஆர்.எம்.எம். என்ற நான்கு எழுத்துகள் மூன்று பெயர்களானது எப்படி என்று இப்போது விளங்குகிறதா?

காரைக்குடியில் கல்லூரிகளை நிறுவிய கோட்டையூர் டாக்டர் ஆர்.எம். அழகப்பச் செட்டியாரின் (1909-1957) 'ஆர்.எம்.' இரண்டு பேரல்ல. இராமநாதன் என்ற ஒரே தந்தையின் பெயர். மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் இவர்தான். 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஜெர்மனியில் ஒரு மாவு மில்

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். பெயர் ஆராய்ச்சி மிக விரிவாக நடந்துள்ள நாடுகளில் ஜெர்மனி ஒன்று. அங்கே நகரங்கள் பெருகிய நடுக்காலத்தில், ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டிலிருந்து, குடும்பப் பெயர்கள் நிலைபெறத் தொடங்கின. காரணம் நம் அண்ணாமலைச் சிக்கலேதான். ஒரே தெருவில் பத்து யோஹான்கள் இருந்தால் வரி வசூலிப்பவர் என்ன செய்வார்?

ஆகவே ஏதாவது ஓர் அடையாளத்தைச் சேர்த்தார்கள். சிலருக்குத் தொழில். சமஸ்கிருத ஆராய்ச்சியாளர் மாக்ஸ் முல்லரின் பெயரில் உள்ள 'முல்லர்' என்பதற்கு மாவு அரைக்கும் ஆலைக்காரர் என்று பொருள். சிலருக்கு நிறம் அல்லது உருவம். தஞ்சை இளவரசர் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் (1726-1798) அவர்களின் பெயருக்குக் 'கறுப்பு' என்று பொருள். சிலருக்கு ஊர் அல்லது நாடு. 'பேயர்' என்றால் பவேரியா நாட்டுக்காரர். இன்னும் சிலருக்குத் தந்தையின் பெயரே நிலைத்துவிட்டது.

ஊர்ப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. பவேரியாவிலேயே இருப்பவரைப் பவேரியாக்காரர் என்று கூப்பிட்டு என்ன பயன்? அங்கே எல்லாரும் அப்படித்தானே! ஊரை விட்டு வெளியே போனவருக்குத்தான் அது அடையாளம். எனவே ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஒரு பயணத்தின் தடயம்.

நம் கொத்தமங்கலத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' நாவலை எழுதியவரைக் கொத்தமங்கலம் சுப்பு என்றே உலகம் அறியும். ஆனால் அவர் பிறந்தது கண்ணாரியேந்தல் என்ற வேறொரு சிற்றூரில். பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர், பிறந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது மட்டுமா? புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு கொத்தமங்கலம் இருக்கிறது. கேரளத்தில் கோதமங்கலம் இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் இடமும் ஒன்று என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவோம்.

முல்லரின் கதையும் இதுதான். மாவு மில் இல்லாத வட்டாரம் ஏது? ஒவ்வொரு வட்டாரத்திலும் தனித்தனியாக முல்லர்கள் தோன்றினார்கள். அதனால்தான் அது ஜெர்மனியிலேயே மிக அதிகமாக வழங்கும் குடும்பப் பெயராக இருக்கிறது. எல்லா முல்லர்களும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். 'செட்டி' என்ற சொல்லும் இப்படிப் பல வேறு மக்களுக்கு வழங்குவதுதான். 15ஆம் நூற்றாண்டிலேயே மலாக்காவில் குடியேறிய 'மலாக்காச் செட்டிகள்' வேறு. 19ஆம் நூற்றாண்டில் மலாயா சென்ற நகரத்தார் வேறு.

கடல் கடந்த எழுத்துகள்

ஜெர்மானியர் பலர் அமெரிக்காவில் குடியேறியபோது முல்லர் என்பது பல குடும்பங்களில் மில்லர் ஆயிற்று. நம் விலாசமும் கப்பல் ஏறியது. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மிய அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற்பட்டது. காடு திருத்தி நெல் விதைக்கும் உழவருக்குக் கடன் தேவைப்பட்டது. கடன் கொடுக்கச் செட்டிநாட்டார் சென்றார்கள். இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்களது கிட்டங்கிகள் பரவின.

பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாக 1929-30இல் ஆராய்ந்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அத்தனை கடைகளுக்கும் பெயர் எங்கே போவது? விலாசமே கடையின் பெயர். ஊரிலிருந்து அனுப்பப்பட்ட ஏஜெண்டுக்கென்று சொந்த விலாசம் ஒன்று இருக்கும். ஆனால் கடையில் அவர் முதலாளியின் விலாசத்தின் பேரிலேயே கையெழுத்திடுவார். எழுத்துகளைப் பார்த்த உடனே 'இந்த உண்டியலுக்குப் பணம் கிடைக்கும்' என்ற நம்பிக்கை வர வேண்டும். ஆகவே முன்னோர் பெயர்கள் வணிக முத்திரையாகவும் வேலை செய்தன. புகழ்பெற்ற விலாசத்தை நீட்டாமலும் குறைக்காமலும் சில குடும்பங்கள் அப்படியே வைத்துக்கொண்டதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? நகரும் ஜன்னல் அங்கே நின்றுவிட்டது. விலாசம் குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது!

இந்தக் கதைக்குத் துயரமான பக்கமும் உண்டு. 1930களில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு செட்டியார்களிடம் இருந்தது. 1938க்குள் அது 25 பங்கு ஆயிற்று. உழவர்களிடையே கோபம் மூண்டது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள் மட்டும் கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் இன்றும் நிற்கின்றன.

பெயர் சாகுமா?

இப்போது ஒரு விளையாட்டு. ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தீவில் 100 ஆண்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குடும்பப் பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு குழந்தைகள். நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் மகன். பூ விழுந்தால் மகள். குடும்பப் பெயர் மகன் வழியாக மட்டுமே போகும் என்பது விதி.

இரண்டு சுண்டலிலும் பூ விழ வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே முதல் தலைமுறையிலேயே சுமார் 25 பெயர்கள் போய்விடும். இரண்டாம் தலைமுறை முடிவில் மறைந்தவை சுமார் 39. மூன்றாவதில் 48. நான்காவதில் 55. ஐந்தாவதில் 60! மக்கள் தொகை குறையவே இல்லை. ஆண்களும் ஏறக்குறைய 100 பேர் இருக்கிறார்கள். ஆனால் 100 பெயர்கள் 40 ஆகிவிட்டன. யாருடைய குற்றமும் இல்லை. நாணயம் விழுந்த விதம், அவ்வளவுதான். நம்பாவிட்டால் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சுண்டிப் பாருங்கள்.

இந்தப் புதிரை 1873இல் ஓர் ஆங்கிலக் கல்வி இதழில் கேட்டவர் ஃபிரான்சிஸ் கால்டன். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் உறவினர் இவர். விடை எழுதியவர் வாட்சன் என்ற கணித அறிஞரான பாதிரியார். இருவரும் 1874இல் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாப் பெயர்களும் என்றாவது ஒருநாள் மறைந்தே தீரும் என்று வாட்சன் முடிவு செய்தார். அதில் ஒரு பிழை இருந்தது! ஒருவருக்குச் சராசரியாக ஒரு மகனோ அதற்குக் குறைவாகவோ இருந்தால்தான் அந்த முடிவு சரி. சராசரி ஒன்றைத் தாண்டினால் சில பெயர்கள் மறையும். சில என்றென்றும் தப்பிக்கும். இதே கணக்குப் பின்னாளில் அணுக்கரு தொடர்வினைக்கும் தொற்றுநோய் பரவுவதற்கும் பயன்பட்டது. பெயரைத் தேடிப் போனவர்கள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள், பாருங்கள்!

ஒன்பது கோயில்

மறையும் பெயரைக் காப்பாற்றச் செட்டிநாட்டில் ஒரு வழி இருந்தது. நகரத்தார் எல்லாரும் ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி என்பவையே அந்த ஒன்பது. விலாசம் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், கோயில் மாறாது. அது தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வரும். பெண் திருமணமானதும் கணவனின் கோயிலைச் சேர்ந்துவிடுவாள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பொதுவாகத் தமக்குள் மணந்துகொள்வதில்லை. திருமணமான ஒவ்வொரு குடும்பமும் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இதுவும் ஒரு வகைதானே!

மகன் இல்லாதவர் பிள்ளை கூட்டிக்கொள்வார், அதாவது சுவீகாரம். அந்தப் பிள்ளை அதே கோயிலைச் சேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்பது மரபு. இதில் உயிரியல் ஆராய்ச்சியாளருக்கு ஒரு சுவையான செய்தி இருக்கிறது.

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் 'ஒய்' என்ற குரோமோசோம் ஆண்களிடம் மட்டுமே இருக்கும். தந்தையிடமிருந்து மகனுக்கு, ஏறக்குறைய மாற்றமின்றி, அது குடும்பப் பெயரைப் போலவே போகிறது. அப்படியானால் ஒரே குடும்பப் பெயர் உள்ள ஆண்களுக்கு ஒரே மாதிரி ஒய் குரோமோசோம் இருக்குமா?

பிரையன் சைக்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி இதைத் தம் சொந்தப் பெயரிலேயே சோதித்தார். 'சைக்ஸ்' என்ற பெயருள்ள 48 ஆண்களின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒய் குரோமோசோம் அடையாளங்கள் ஒத்திருந்தன! இவர்கள் எல்லாரும் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே சைக்ஸின் வழிவந்தவர்கள் என்று அவர் கருதினார். மற்றவர்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை? எங்கோ ஒரு தலைமுறையில் சுவீகாரம் நடந்திருக்கலாம். பெயர் தாய் வழியாக வந்திருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். பெயரின் பாதை வேறு, குரோமோசோமின் பாதை வேறு என்று பிரிந்துவிடும் இடங்கள் இவை.

நம் ஒன்பது கோயில் வழக்கத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். சுவீகாரப் பிள்ளையும் அதே கோயிலிலிருந்து வருகிறான். ஒரு கோயிலார் எல்லாரும் ஒரே ஆண் முன்னோரின் வழியினர் என்றால், இங்கே சுவீகாரத்துக்குப் பிறகும் அந்தப் பாதை பிரியாது! ஆனால் அந்த 'என்றால்' என்பதை மறந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு கோயிலாக ஆகியிருக்கலாம். மரபு சொல்வது ஒன்று. சோதனை சொல்வது மற்றொன்றாக இருக்கலாம். அதுதானே விஞ்ஞானம்!

பதினான்கில் மூன்று

கடைசியாக ஒரு கேள்வி. மூன்று பெயர் உள்ள விலாசம் ஒருவருடைய முன்னோர்களில் எத்தனை பேரைச் சொல்கிறது? மூன்று பேரை. சரி, அந்த மூன்று தலைமுறையில் அவருக்கு மொத்தம் எத்தனை முன்னோர்கள்? பெற்றோர் 2, அவர்களுடைய பெற்றோர் 4, அதற்கும் முந்தியவர் 8. ஆக மொத்தம் 14. விலாசத்தில் இடம் பெற்றவர் 3 பேர். இடம் பெறாதவர் 11 பேர். அந்த 11 பேரில் 7 பேர் பெண்கள்! ஒரு பெண்ணின் பெயர்கூட அந்த எழுத்துகளில் இல்லை.

ஆனால் உங்கள் உடம்புக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. உங்கள் குரோமோசோம்களில் சரிபாதி அம்மா கொடுத்தவை. பெயர் சொல்லும் வரலாறு ஓர் ஒற்றையடிப் பாதை; உடம்பு சொல்லும் வரலாறோ பல வாய்க்கால்கள் வந்து கலக்கும் ஊருணி. இப்போது தாயின் பெயரின் முதல் எழுத்தையும் இனிஷியலாகச் சேர்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் இன்னொரு வாய்க்காலையும் பெயரில் காட்டுகிறார்கள்.

இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் 14 கட்டங்கள் போடுங்கள். ஐயா, அப்பத்தா, ஆயா, தாத்தா, பாட்டி என்று உங்கள் வீட்டில் எப்படி அழைப்பீர்களோ, அந்தப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நிரப்புங்கள். பெயர் மட்டும் போதாது. பிறந்த ஊரையும் செய்த தொழிலையும் எழுதுங்கள். மாமன் மகளை மணந்த குடும்பமானால் ஒரே ஆள் இரண்டு கட்டங்களில் வருவார், வியப்படையாதீர்கள். 8 கட்டங்கள் உள்ள கடைசி வரிசையில் எத்தனை காலியாக நிற்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றில் பெண்களின் கட்டங்கள் எத்தனை?

ஒவ்வொரு தலைமுறையிலும் விலாசத்தின் முன்னெழுத்து ஒன்று உதிர்கிறது என்று பார்த்தோம். எழுத்து உதிர்ந்த பிறகு அந்த ஆள் ஒரு கிழவியின் நினைவிலோ ஒரு கிழவரின் நினைவிலோதான் இருப்பார். அதுவும் போய்விட்டால் எந்தக் குரோமோசோமைச் சோதித்தாலும் பெயர் கிடைக்காது. ஆகவே, கேட்பதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்!